பத்து வருஷம் பழி சுமந்த பி53

மனித உடம்பில் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. இவற்றில் விஞ்ஞானிகள் எதைப் பற்றி அதிகமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள்? மூளையை வளர்ப்பதையா, இதயத்தை ஓட வைப்பதையா? இரண்டும் இல்லை. 2017-ல் ‘நேச்சர்’ பத்திரிகை உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, சுமார் 8,500 ஆய்வுக் கட்டுரைகளுடன் முதலிடத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது டிபி53. மரபணு உலகின் சூப்பர் ஸ்டார்!

அது தயாரிக்கும் புரதத்தின் பெயர் பி53. நம் செல்லுக்குள் டிஎன்ஏ அடிபட்டால் ஓடி வந்து, ‘இந்தச் செல் இனிமேல் பெருகக் கூடாது’ என்று தடை போடுகிற புரதம். 1992-ல் டேவிட் லேன் இதற்கு ‘ஜீனோமின் காவலன்’ என்று பட்டம் சூட்டினார். 1993-ல் ‘சயின்ஸ்’ பத்திரிகை ‘இந்த ஆண்டின் மூலக்கூறு’ என்று மாலை போட்டது. பார்த்தால் புல்லரிக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய பத்து வருஷங்கள் இதே காவலனைப் புற்றுநோய்க் குற்றவாளி என்று நிற்க வைத்துக் கும்மியவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் இதே கூட்டம்தான்!

கதை ஒரு குரங்கில் ஆரம்பிக்கிறது. போலியோ தடுப்பூசியைக் குரங்கின் சிறுநீரகச் செல்களில் வளர்த்துத்தான் தயாரித்தார்கள். அந்தச் செல்களுக்குள் எஸ்வி40 என்ற வைரஸ் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருந்ததை 1960-ல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் கோடிக்கணக்கானவர்களுக்கு ஊசி போட்டு முடித்தாகிவிட்டது. ஹாம்ஸ்டர் குட்டிக்கு இந்த வைரஸைச் செலுத்தினால் கட்டி வந்தது. மனிதர்களுக்கு வருகிறது என்று யாராலும் உறுதியாக நிரூபிக்க முடியவில்லை. ஜனங்கள் பிழைத்தார்கள், ஆய்வாளர்களுக்கு அடுத்த முப்பது வருஷத்துக்கு வேலை கிடைத்தது.

இந்த வைரஸ் கட்டியை உண்டாக்கப் பயன்படுத்தும் ஆயுதம் ‘டி ஆன்டிஜென்’ என்ற புரதம். ஆன்டிபாடியைத் தூண்டிலாகப் போட்டு அதை வெளியே இழுத்தார்கள். இழுத்தபோதெல்லாம் இன்னொரு புரதமும் ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லாக் கல்யாண போட்டோவிலும் ஓரமாக ஒருத்தர் சிரித்துக்கொண்டு நிற்பாரே, பெண் வீடா பிள்ளை வீடா என்று யாருக்கும் தெரியாமல்? அந்த மாதிரி. விசாரித்ததில் அது வைரஸின் ஆளே இல்லை. நம்ம வீட்டு ஆள்!

1979-ல் லண்டனில் டேவிட் லேனும் லயனல் கிராஃபோர்டும் இதைக் கண்டார்கள். அதே வருஷம் பிரின்ஸ்டனில் ஆர்னால்ட் லெவினும் டேனியல் லின்ஸரும் கண்டார்கள். பிரான்ஸில் பியர் மே குழு கண்டது. நியூயார்க்கில் லாயிட் ஓல்டின் குழு வைரஸ் பக்கமே போகாமல், ரசாயனம் கொடுத்துக் கட்டி வரவழைத்த எலிகளில் கண்டது. பல லட்சம் வருஷமாக யார் கண்ணிலும் படாத ஒரு புரதம், ஒரே வருஷத்தில் நாலு ஊரில் பிடிபட்டது. ‘நான்தான் முதலில்’ என்று நாலு பக்கமும் சொல்லிக்கொள்ள வசதியாகப் போயிற்று.

அடுத்து, எடை பார்க்க வேண்டும். புரதத்தை ஜெல்லி மாதிரியான ஒரு தகட்டில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். சின்ன புரதம் வேகமாக ஓடும், பெரிசு மெதுவாக நகரும். நின்ற இடத்தை வைத்து எடை. நம்ம ஆள் நின்ற இடத்தைப் பார்த்து ஒரு குழு 53,000 டால்டன் என்றது, இன்னொரு குழு 54,000 என்றது. கடைசியில் 53 ஜெயித்து அதுவே பெயராகவும் நிலைத்தது. உண்மையான எடை? 43,700 சொச்சம்.

பத்தாயிரம் டால்டன் எங்கிருந்து கூடியது? இந்தப் புரதத்தின் ஒரு பகுதியில் புரோலின் என்ற அமினோ அமிலம் நெருக்கமாக இருக்கிறது. அந்த விறைப்பால் ஜெல்லுக்குள் ஓட முடியாமல் தத்தளிக்கிறது. மெதுவாக ஓடினான், அதனால் குண்டன் என்று எழுதிவிட்டார்கள். உண்மை தெரிந்தபோது பெயர் உலகம் சுற்றி வந்துவிட்டது. ஆதார் கார்டில் தப்பாக ஏறிய பிறந்த தேதி மாதிரி அதைத் திருத்த யாருக்கும் தெம்பில்லை.

பெயர் தப்பு என்பது சின்ன விஷயம். சுமத்திய பழி இருக்கிறதே, அதுதான் பெரிசு.

புற்றுநோய்ச் செல்லைத் திறந்தால் பி53 கூட்டம் கூட்டமாக இருந்தது. நல்ல செல்லைத் திறந்தால் இருக்கிற சுவடே தெரியவில்லை. போதாக்குறைக்கு ஒரு கெட்ட வைரஸ் புரதத்தோடு சகவாசம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அந்தக் காலத்தில் ‘ஆன்கோஜீன்’ என்பதுதான் லேட்டஸ்ட் ஃபேஷன். புற்றுநோயைத் தூண்டிவிடும் மரபணுக்களுக்கு அந்தப் பெயர். புதுசு ஒன்றைப் பிடித்தால் பெரிய பத்திரிகையில் இடம், அடுத்த கிராண்ட், மாநாட்டில் மேடை. பி53 மேல் வழக்குப் பதிவானது.

1984-ல் ‘நேச்சர்’ ஒரே இதழில், அடுத்தடுத்த பக்கங்களில், மூன்று கட்டுரைகளைப் போட்டது. இஸ்ரேலில் மோஷே ஓரனின் குழு, அமெரிக்காவின் ராபர்ட் வைன்பெர்க்கும் இஸ்ரேலின் வர்தா ராட்டரும் கை கோத்த குழு, இங்கிலாந்தில் இன்னொரு குழு. மூவரும் பி53 மரபணுவை எலிச் செல்களுக்குள் விட்டார்கள். ‘ராஸ்’ என்ற பேர்போன ரவுடி மரபணுவோடு சேர்த்து விட்டால் செல் புற்றுநோய்க் குணத்துக்கு மாறியது. மூன்று சாட்சி, ஒரே வாக்குமூலம். தீர்ப்பு எழுதி மையைக்கூடக் காய வைத்துவிட்டார்கள்.

இதற்கு நடுவில் ஒரு சங்கடம் வந்தது. எச்எல்-60 என்று ஒரு ரத்தப் புற்றுநோய்ச் செல் உண்டு. அதைத் திறந்து பார்த்தால் பி53 அறவே இல்லை! மரபணுவே பெருமளவு பறிபோயிருந்தது. எலிகளின் ஒரு வகை ரத்தப் புற்றுநோயிலும் இதே கதை. வைரஸ் வந்து பி53 மரபணுவையே உடைத்துப் போட்டிருந்தது. அதாவது, குற்றம் நடந்த வீட்டில் குற்றவாளி ஆளே இல்லை. சாதாரண இன்ஸ்பெக்டருக்குக்கூட இங்கே புருவம் உயரும். பெரிய மனிதர்கள் ‘விதிவிலக்கு’ என்று ஒரே வார்த்தையில் ஃபைலை மூடினார்கள்.

லெவின் நிலைமைதான் பரிதாபம். பி53-ஐக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அவர் லேபில் இருந்த பி53 குளோனை, அதாவது மரபணுவின் நகலை, செல்லுக்குள் விட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. ஊரெல்லாம் வெடிக்கிற வெடி இவர் கையில் மட்டும் நமத்துப்போகிறது. இப்படி ஒரு நிலை வந்தால் லேபில் முதலில் யாரைச் சந்தேகப்படுவார்கள் என்று பிஎச்டி படித்த யாரையும் கேட்டுப் பாருங்கள். வாத்தியாரை இல்லை!

கடைசியில் இரண்டு குளோன்களின் எழுத்துக்களையும் வரிசையாக அடுக்கி ஒப்பிட்டார்கள். புரதத்தில் 135-வது இடம். லெவினுடையதில் அலனின். ஓரனுடையதில் வேலின். அவ்வளவுதான் வித்தியாசம், ஒரே ஒரு அமினோ அமிலம். ஆனால் அது மியூட்டேஷன், மரபணுவில் விழுந்த எழுத்துப்பிழை. வேலை செய்யாத சரக்கு என்று நினைத்தது அசல். வேலை செய்த சரக்கு உடைந்துபோனது! உலகமே வருஷக்கணக்காக ஒரு ரிப்பேர் பீஸை வைத்துக்கொண்டு கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தது.

இவ்வளவு புத்திசாலிகள் எப்படி ஒரே குழியில் விழுந்தார்கள்? இங்கேதான் அழகு. நல்ல பி53 செல்லுக்குள் ஏறக்குறைய 20 நிமிஷம்தான் உயிரோடு இருக்கும். வேலை இல்லாத நேரத்தில் செல்லே அதை அழித்துவிடும். அதனால் அது கண்ணில் படாது. கெட்டுப்போன பி53 அழியாமல் மணிக்கணக்கில் நின்று குவியும். மரபணுவைப் பிரித்தெடுக்கும் ஆய்வாளர் எங்கே போவார்? எங்கே நிறைய கிடைக்கிறதோ அங்கே. அதாவது புற்றுநோய்ச் செல்லுக்கு. கைக்குச் சுலபமாகக் கிடைத்ததாலேயே அது கெட்டுப்போனது என்று அர்த்தம். யாருக்கும் அது தோன்றவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியும் பாவமும் ஒரே பெயரில் இரண்டு பேருக்கு!

1989-ல் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழு வேறு வேலையாக இருந்தது. பெருங்குடல் புற்றுநோய் உள்ளவர்களின் கட்டிகளில் முக்கால்வாசிக்கு மேல் 17-வது குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. காணாமல் போவதால் நோய் வருகிறது என்றால், அங்கே நோயைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். அது எது? பி53 அந்த வட்டாரத்தில்தான் குடியிருந்தது. ஆனால் அதுதான் ஆன்கோஜீன் என்று சான்றிதழ் வாங்கிய ஆளாயிற்றே! காவல்காரனைத் தேடும்போது ரவுடி லிஸ்டையா புரட்டுவார்கள்?

சூசன் பேக்கர் என்ற ஆய்வு மாணவி புரட்டினார். முதல் கட்டியை எடுத்தார். பி53-ன் ஒரு பிரதி காணோம். மிச்சம் இருந்த ஒற்றைப் பிரதியின் எழுத்துக்களைப் படித்தால், 143-வது இடத்தில் வேலினுக்குப் பதில் அலனின். அடுத்த கட்டி: 175-வது இடத்தில் கோளாறு. ஒரு பிரதி தொலைந்தது, இன்னொன்று உடைந்தது. தொலைக்கவும் உடைக்கவும் புற்றுநோய் இவ்வளவு பாடுபடுகிறது என்றால் அது கூட்டாளியாக இருக்க முடியாது, எதிரி! பேராசிரியர்கள் பத்து வருஷம் கட்டிய கோபுரத்தை ஒரு மாணவி இரண்டு கட்டிகளை வைத்துச் சாய்த்துவிட்டார்.

வோகல்ஸ்டைன் ஓய்வு நேரத்தில் கீபோர்டு வாசிக்கும் ராக் இசைக் குழுவின் பெயர் ‘ஒயில்ட் டைப்’. மியூட்டேஷன் இல்லாத அசல் மரபணுவுக்கு ஆய்வாளர்கள் சொல்லும் பெயர் அது. மற்றவர்கள் பத்து வருஷமாகத் தவறவிட்ட சரக்கைப் பெயராக வைத்துப் பாட்டுப் போடுகிறார் மனிதர்.

அதே 1989-ல் லெவின் குழுவும் ‘செல்’ பத்திரிகையில் எழுதியது. அசல் பி53-ஐ உள்ளே விட்டால் செல்கள் புற்றுநோய்க்கு மாறுவது தடைபடுகிறது என்பது விஷயம். ஆனால் அதற்குத் தலைப்பு என்ன வைத்தார்கள் தெரியுமா? பி53 என்ற ‘புரோட்டோ ஆன்கோஜீன்’ புற்றுநோய் மாற்றத்தை அடக்க வல்லது என்று! விடுதலை செய்த தீர்ப்பிலேயே ‘குற்றவாளி இன்னார் நிரபராதி’ என்று எழுதுகிற சாமர்த்தியம் விஞ்ஞானிகளுக்குத்தான் வரும்.

சரி, நிரபராதி. செய்கிற வேலை என்ன? பி53 ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர். தன் கையால் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது; டிஎன்ஏ மேல் உட்கார்ந்து மற்ற மரபணுக்களின் ஸ்விட்சைப் போடும். அதுவும் தனியாக வராது. நாலு பி53 சேர்ந்தால்தான் கோரம். கையெழுத்து ஒன்று, வேலை செய்பவர்கள் நூறு. உயர் அதிகாரி என்பதற்கு வேறென்ன இலக்கணம்?

டிஎன்ஏ சேதமானால் இந்த அதிகாரி முதலில் ‘பி21’-ஐ எழுப்புவார். அது செல் பெருகுவதை நிறுத்தும். ரிப்பேர் ஆனால் சரி. ஆகாது என்றால் அடுத்த ஸ்விட்ச், செல்லே தற்கொலை செய்துகொள்ளும். இதோடு ‘எம்டிஎம்2’ என்று இன்னொரு மரபணுவையும் இவரே எழுப்புவார். அதன் உத்தியோகம் என்ன தெரியுமா? பி53-ஐ ஒழித்துக்கட்டுவது! தன்னை டிஸ்மிஸ் செய்ய வேண்டியவரைத் தானே நியமித்துவிட்டு வேலையை ஆரம்பிக்கும் அதிகாரியை வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

பி21-ஐக் கண்டுபிடித்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1993 வாக்கில் பல குழுக்கள் வேறு வேறு வழியில் போய் ஒரே மரபணுவின் மேல் முட்டிக்கொண்டன. வோகல்ஸ்டைன் குழு ‘வாஃப்1’ என்றது. ஒரு குழு ‘சிப்1’ என்றது. இன்னொன்று ‘எஸ்டிஐ1’. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைக்கும் பல கட்டுரைகளில் பெயர்களைச் சாய்வுக் கோடு போட்டு வரிசையாக எழுதுகிறார்கள். குழந்தை ஒன்று, இனிஷியல் மூன்று.

1994-ல் பி53 டிஎன்ஏவைப் பிடித்திருக்கும் காட்சியைப் படிக வடிவில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளிடம் அடிக்கடி கெட்டுப்போகும் 248, 273 ஆகிய இடங்கள் இரண்டும் புரதம் டிஎன்ஏவைத் தொடுகிற விரல் நுனிகள்! 1996-ல் இன்னொரு ஆய்வு வந்தது. சிகரெட் புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற ரசாயனத்திலிருந்து உருவாகும் பொருளை நுரையீரல் செல்களில் விட்டுப் பார்த்தார்கள். அது போய் உட்கார்ந்த இடங்கள்: 157, 248, 273. நுரையீரல் புற்றுநோயில் அடிக்கடி உடைவதும் அங்கேதான். ‘புள்ளிவிவரம் மட்டும் போதாது, எப்படி நடக்கிறது என்று காட்டுங்கள்’ என்று நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த சிகரெட் முதலாளிகளுக்கு வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தது போல ஆயிற்று.

கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கு மியூட்டேஷன் எல்லாம் தேவையில்லை. தன் ‘இ6’ புரதத்தை அனுப்பி பி53-ஐப் பிடித்து அழித்துவிடும். அதே புற்றுநோயிலிருந்து எடுத்து வளர்த்த, உலகப் பிரசித்தி பெற்ற ஹீலா செல்களில் பி53 மரபணு எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறது, புரதம்தான் நிலைக்காது. ஆபீஸ் இருக்கிறது, போர்டு இருக்கிறது, ஆபீசரைத்தான் வாசலிலேயே கடத்திவிடுகிறார்கள்.

இவ்வளவு முக்கியமான மரபணு இல்லாவிட்டால் கருவே வளராது என்று நினைத்தார்கள். 1992-ல் டொனஹவர் குழு பி53-ஐ அடியோடு நீக்கிய எலிகளை உருவாக்கியது. ஜம்மென்று பிறந்தன, ஓடின, தின்றன. நிபுணர்கள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்குள் முக்கால்வாசி எலிகளுக்குக் கட்டி வந்துவிட்டது. செக்யூரிட்டி இல்லாத அபார்ட்மென்ட்டிலும் முதல் வாரம் நிம்மதியாகத்தான் போகும்.

மனுஷ புத்தி அடுத்து எங்கே போகும்? ‘கொஞ்சம் இருந்தால் நல்லது என்றால், நிறைய இருந்தால்?’ வேறு ஏதோ செய்யப்போய், பி53 ஓவர் டைம் பார்க்கிற எலிகள் தற்செயலாக உருவாகிவிட்டன. 2002-ல் வந்த முடிவு: புற்றுநோய் குறைந்தது. ஆனால் எலிகள் சீக்கிரமே கிழடு தட்டின. கூன் விழுந்தது, உடம்பு வற்றியது, ஆயுள் குறைந்தது. அளவுக்கு மிஞ்சினால் காவலும் நஞ்சு! அதே வருஷம் இன்னொரு குழு, வழக்கமான கட்டுப்பாட்டோடு கூடுதல் பிரதியைக் கொடுத்த எலிகள் புற்றுநோயும் குறைந்து, மூப்பும் முந்தாமல் நன்றாகவே இருந்தன என்று காட்டியது. அதிகாரம் கூடலாம், அடக்கும் ஆளும் கூடவே இருக்க வேண்டும்.

இதை இயற்கை எப்போதோ செய்து முடித்துவிட்டது. யானைக்கு நம்மைவிடப் பல மடங்கு செல்கள். கணக்குப்படி பார்த்தால் யானைகள் எல்லாம் புற்றுநோயில் சாக வேண்டும். ஆனால் அதனால் சாகும் யானைகள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 2015-ல் இரண்டு குழுக்கள் காரணத்தைத் தேடின. ஒரு குழு மிருகக்காட்சி சாலை யானைகளிடமும் சர்க்கஸ் யானைகளிடமும் ரத்தம் வாங்கிப் பார்த்தது. நமக்கு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று டிபி53 இரண்டு பிரதி. யானைக்கு 40! யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவ்வளவு சீக்கிரம் சறுக்குவதில்லை.

மருந்து? மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் பி53 கெட்டுக் கிடக்கிறது. அதைச் சரிசெய்தால் போதும் என்று 1990-களிலேயே சொல்லியாயிற்று. 2003-ல் சீனா, நல்ல பி53-ஐ வைரஸில் ஏற்றி ஊசியாகப் போடும் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. உலகின் மற்ற பெரிய நாடுகள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கெட்டுப்போன பி53-ஐ நிமிர்த்தப் பார்த்த ஒரு மருந்து 2020-ல் பெரிய சோதனையில் நிர்ணயித்த இலக்கை எட்டவில்லை. கெடுப்பதற்கு ஒரு சிகரெட் போதும். திருத்துவதற்கு 8,500 கட்டுரை போதவில்லை.

லேனுக்கு 2000-ல் ‘சர்’ பட்டம் கிடைத்தது. ஆனால் பி53-க்காக நோபல் பரிசு மட்டும் இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை. கண்டுபிடித்தவர்கள் நாலு கூட்டம். பழி போட்டவர்கள் மூன்று கூட்டம். பழியைத் துடைத்தவர்கள் இரண்டு கூட்டம். கொடுப்பதானால் நோபல் கமிட்டி மேடையைத்தான் பெரிதாக்க வேண்டும். ஒரு பரிசு மூன்று பேருக்கு மேல் கிடையாது!

சுபம் போட்டு முடித்துவிடலாம் என்று பார்த்தால் முடியவில்லை. 2004-ல் எலிகளுக்கு மனிதப் புற்றுநோயில் காணும் அதே கெட்ட பி53-ஐக் கொடுத்துப் பார்த்தார்கள். பி53 இல்லாத எலிகளைவிட இவற்றுக்கு வந்த கட்டிகள் சில மோசமாகப் பரவின. அதாவது, உடைந்த பி53 சும்மா கிடப்பதில்லை. அதுவே புற்றுநோய்க்கு உதவி செய்கிறது! அப்படியானால் 1984-ல் அந்த மூன்று கட்டுரைகள் பார்த்தது முழுப் பொய் இல்லையே? 2019-ல் ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்த ஒரு குழு, ‘அப்படி எந்தப் புதுத் திறமையும் தெரியவில்லை, நல்ல பிரதியைக் கெடுப்பதுதான் அதன் வேலை’ என்றது. வாதமும் எதிர்வாதமும் நடந்துகொண்டிருக்கின்றன. பி53-க்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அதன் ஆயுளே இருபது நிமிஷம்தான். அதன் வக்கீல்களுக்கோ ஆயுள் முழுக்கக் கேஸ்!